எட்டாம் அத்தியாயத்து ரொட்டி

கல்லூரியில் அவளுக்குச் சராசரி என்று பெயர். பதினெட்டு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறவளுக்கு மாணவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? காதில் விழுந்தாலும் விழாத மாதிரி போய்விடுவாள். பக்கத்து அறையில் வேதியியல் நடத்துகிற மனிதருக்கு வைத்திருக்கும் பெயரை நினைத்துப் பார்த்தால், இது பட்டப்பெயரே இல்லை, பாராட்டுப் பத்திரம்.

அந்த வருடம் சராசரி ஒரு புத்தகம் போட்டிருந்தாள். முழுக்க அவள் எழுதியது என்று சொல்லமுடியாது. அவளும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அதுவரை பாடத்துக்கு வைத்திருந்தது காசு கொடுத்து வாங்கவேண்டிய ஒரு தடிப் புத்தகம். வாங்குகிறவர்கள் வகுப்புக்கு நாலு பேர் தேறமாட்டார்கள். நூலகத்தில் மூன்று பிரதிகள் இருந்தன. அதில் ஒன்றில் ஆறாம் அத்தியாயத்தை எந்தப் புண்ணியவானோ கிழித்துக்கொண்டு போயிருந்தான். மிச்சப் பேர் கைபேசியில் கோணல்மாணலாகப் படம் பிடித்த பக்கங்களைக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார்கள். இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் அவள் ஒரு திறந்த பாடநூலைத் தேடிப் பிடித்தாள். எங்கோ தூர தேசத்தில் மூன்று பேராசிரியர்கள் சேர்ந்து எழுதி இணையத்தில் போட்டுவைத்த புத்தகம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அச்சடித்துக் கொடுக்கலாம். எங்கள் பெயரைச் சொல்லுங்கள், என்னென்ன மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள், நீங்கள் மாற்றியதையும் இதே மாதிரி திறந்தே வையுங்கள் என்பதோடு அவர்களுடைய நிபந்தனை முடிந்தது. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று அவளுக்கு மனசு நிறைந்து போனது.

பாடமெல்லாம் பளிச்சென்று இருந்தது. உதாரணங்கள்தான் ஒட்டவில்லை. ஜனவரியில் எத்தனை அங்குலம் பனி கொட்டியது, பனிக்கட்டி மேல் மட்டையோடு சறுக்கி விளையாடுகிறவர்களின் எடை என்ன, வீட்டைச் சூடாக்க மாதத்துக்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று போய்க்கொண்டே இருந்தது. பனியைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கும் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு, அவ்வளவு குளிரில் எப்படிக் குளிப்பார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தேர்வில் அது வராது.

ஆகவே உதாரணங்களை மாற்றினாள். இரண்டு வருடம் ஆயிற்று. பனிக்குப் பதில் கல்லூரி வாசல் நிறுத்தத்தில் பேருந்து வர ஆகும் நிமிடங்கள். வீரர்களின் எடைக்குப் பதில், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவளுடைய கணவரிடம் வந்தவர்களின் கண்ணாடிப் பவர். எண்ணெய்க்குப் பதில் உணவகத்து வரிசையின் நீளம். நிறுத்தத்தில் கைக்கடிகாரமும் நோட்டுமாக நின்றவளைப் பார்த்து, போக்குவரத்து அதிகாரி என்று நினைத்துப் புகார் சொன்னவர்களும் உண்டு. அதையும் எழுதிக்கொண்டாள். மூன்றாம் அத்தியாயத்துக்கு ஆயிற்று.

எட்டாம் அத்தியாயம் கருதுகோள் சோதனை. ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், அதை நம்பலாமா கூடாதா என்று எண்களை வைத்துத் தீர்மானிப்பது. பயிற்சி 8.14இல், காலை உணவுப் பெட்டி செய்கிற ஒரு நிறுவனம் ஒவ்வொரு பெட்டியும் நானூறு கிராம் என்கிறது. இருபத்தைந்து பெட்டிகளின் எடையைக் கொடுத்து, நிறுவனம் சொல்வது சரியா என்று கேட்டிருந்தார்கள். பெட்டிக்குப் பதிலாக என்ன வைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. நாத்தனாரின் ரொட்டி இருக்கும்போது யோசிப்பானேன்.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே இருபத்திரண்டு வருடமாகப் பேக்கரி நடத்துகிறாள். கணவன் போன பிறகு தன்னந்தனியாகத் தொடங்கிய கடை. நாத்தனார் கீழ்வீட்டில், சராசரியும் கணவரும் மாடியில். தினமும் காலை ஆறரைக்கு மாடி வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கும். உள்ளே சூடு ஆறாத ஒரு ரொட்டி இருக்கும். பதினைந்து வருடத்தில் அந்தப் பை தொங்காத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் ஆகாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் ஒரு நடை இந்த வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டும்.

பேக்கரிக் கண்ணாடியில் 'ரொட்டி - 400 கிராம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். சராசரி கல்லூரி விட்டு வருகிற வழியில், ஐந்து நாள், தினமும் அலமாரியில் இருந்த ஐந்து ரொட்டிகளைக் கடைத் தராசில் வைத்துக் குறித்துக்கொண்டாள். என் ரொட்டி காலேஜ் புத்தகத்திலா என்று நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. தேநீர் கொடுத்து, கேக்கும் கொடுத்து, போதாதென்றால் இன்னும் பத்து எடை போட்டுக்கொள் என்றாள். கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள பேக்கரி என்றே புத்தகத்தில் போடுவதாக இவள் வாக்குக் கொடுத்தாள். போட்டும் விட்டாள்.

அச்சுக்குக் கொடுக்கவேண்டிய கடைசி வாரம் எல்லாம் அவசரமாக நடந்தது. மாற்றிய கணக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, புத்தகத்தின் பின்னால் உள்ள விடைகளையும் மாற்றிக்கொண்டே வந்தவள், 8.14க்கு மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. பின்னால் பழைய விடை இருந்தது: 'கூற்றை மறுக்க ஆதாரம் இல்லை.' அதாவது, சொன்ன எடை சரி. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அதற்கு ஒரு கணக்கு எதற்கு என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். பதினெட்டு வருடமாக, கண்ணால் கண்டதையும் நம்பாதே, எண்ணிப் பார் என்று பாடம் நடத்துகிறவள் இப்படிச் செய்தாள்.

புத்தகம் வந்தது. கல்லூரியிலேயே நூற்று நாற்பது பிரதி அச்சடித்து, பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்தார்கள். இணையத்திலும் போட்டார்கள். இரண்டு மாதம் எல்லோரும் புத்தகமும் கையுமாக இருந்தார்கள். சராசரிக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பில் எட்டாம் அத்தியாயம் வந்தது. முன்வரிசையில் உட்காரும் பெண் ஒருத்தி, எதையும் இரண்டு முறை போட்டுப் பார்க்காமல் விடாதவள், எழுந்து நின்று 8.14க்குப் பின்னால் கொடுத்திருக்கும் விடை தப்பு என்றாள். சராசரி சிரித்துக்கொண்டே, இன்னொரு முறை போட்டுப் பார் என்றாள். எல்லோரும் போட்டுவிட்டோம், எல்லோருக்கும் ஒரே விடைதான் வருகிறது என்றாள் அந்தப் பெண். சரி, நானே போடுகிறேன் பார் என்று பலகைக்குப் போனாள் சராசரி. இருபத்தைந்து ரொட்டியின் சராசரி முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. பாதிக் கணக்கிலேயே விடை எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாதியில் நிறுத்தவும் வழியில்லை, நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வரி வந்தபோது சந்தேகத்துக்கு இம்மியும் இடமில்லை. நானூறு கிராம் என்ற கூற்று நிற்காது. ரொட்டி எடை குறைவு.

"அப்போ எதிர்க்கடைல நம்மள ஏமாத்திட்டு இருக்காங்களா மேடம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சராசரி முகத்தில் ஈயாடவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே வெளியே வந்துவிட்டாள்.

அவள் சாலையைக் கடக்குமுன் செய்தி கடந்துவிட்டது. சாயங்காலம் பேக்கரிக்குள் போனபோது நாத்தனார் கல்லாவில் நின்றுகொண்டிருந்தாள். மத்தியானம் நாலு பிள்ளைகள் வந்து ரொட்டி கேட்டு, அதைத் தராசில் வைத்துக் காட்டச் சொன்னார்களாம். ஒருத்தன் புத்தகத்தையே பிரித்துக் காட்டினானாம். இதை நாத்தனார் இவளிடம் சொல்லவில்லை, இவள் காதில் விழட்டும் என்று பக்கத்தில் நின்ற ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னாள். பிறகு இவள் பக்கம் திரும்பி, "உனக்கும் ரொட்டி வேணுமா? தராசு அங்கதான் இருக்கு. எடை போட்டுப் பாத்தே வாங்கிக்க" என்றாள்.

சராசரி ஒன்றும் வாங்காமலே வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் நல்ல மனிதர், ஆனால் இந்த மாதிரி நேரத்தில் அவருடைய கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்து முடித்து, "எனக்கு நீயும் வேணும், அக்காவும் வேணும். அதனால எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தாள். கைப்பிடியில் பை இல்லை. ஏழு மணிக்கு மறுபடியும் திறந்தாள். கணவர் பின்னாலிருந்து, கதவைத் திறந்து திறந்து மூடினால் பை வந்துவிடாது என்றார். அவருக்கும் வருத்தம்தான், குரலில் தெரிந்தது. அன்று அந்த வீட்டில் காலைச் சாப்பாட்டை ஆளுக்கொரு வாழைப்பழத்தோடு முடித்துக்கொண்டார்கள். சராசரிக்கு அழுகை வந்தது. குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

கல்லூரியில் துறைத் தலைவர் வழிமறித்துக்கொண்டார். அவருக்கு எல்லாமே சின்ன விஷயம்தான். விடைப் பக்கத்தில் ஒரு வரிதானே, 'கூற்று மறுக்கப்படுகிறது' என்று மாற்றிவிட்டால் ஆயிற்று, திறந்த பாடநூலின் வசதியே அதுதானே என்றார். சொல்வது சரிதான். இருக்கும் எண்களுக்கு அதுதான் சரியான விடை. ஆனால் அந்த வரியை அச்சில் ஏற்றுவது, நாத்தனார் எடை குறைத்து விற்கிறாள் என்று கல்லூரி முத்திரையோடு எழுதித் தருவதற்குச் சமம். எண்ணை மாற்றி எழுதலாம். அது அதைவிடக் கேடு. செத்தாலும் செய்யமாட்டாள். போதாக்குறைக்கு வேறு மூன்று கல்லூரிகள் இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தன. எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவளே அவள்தான், இப்போது யாரிடம் போய்த் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பது? மூன்று பேருக்கும் கடிதம் எழுதினாள். ஒருவர் மட்டும் உடனே பதில் போட்டார்: கவலை வேண்டாம், நாங்கள் ரொட்டியைச் சோப்பாக மாற்றிவிட்டோம்.

சாயங்காலம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேக்கரியின் பின்கட்டுக்குப் போனாள். நாத்தனார் தட்டுகளில் ஒட்டியிருந்த கருகலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சராசரி இன்னொரு சுரண்டியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து இரண்டாவது தட்டைச் சுரண்டத் தொடங்கினாள். நாலு தட்டு முடிகிற வரை சுரண்டுகிற சத்தம்தான்.

அந்தப் பயிற்சியையே எடுத்துவிடுகிறேன் அக்கா என்றாள் கடைசியில். அடுத்த பதிப்பில் ரொட்டியும் இருக்காது, பேக்கரியும் இருக்காது, ஒரு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

"எடுத்துட்டா நான் ஏமாத்துனேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றாள் நாத்தனார். "இருபத்திரண்டு வருசம். ஒரு உருண்டை மாவ நான் கண்ணால பாத்துப் போட்டதில்ல. ஒவ்வொண்ணும் தராசுல வெச்சு நானூத்தி அம்பது. வெந்தா நானூறு. அதப் போயி புத்தகத்துல போட்டு, நூத்தி நாப்பது பிள்ளைங்க கைல குடுத்திருக்க. போடறதுக்கு முன்னால, எடை குறையுதேன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா உனக்கு?"

சராசரி புத்தகத்தைத் திறந்து பின்பக்கத்தைக் காட்டினாள். "இங்க பாருங்கக்கா. எடை சரின்னுதான் விடை இருக்கு. பழைய புத்தகத்துல இருந்த விடை, அப்படியே விட்டுட்டேன். மத்த எல்லாக் கணக்கையும் போட்டுப் பாத்தேன். இத மட்டும் பாக்கல. நீங்க நானூறுன்னா நானூறுதான்னு விட்டுட்டேன்."

நாத்தனார் அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"எல்லார் கணக்கையும் பாத்தே. என் கணக்க மட்டும் பாக்கலயா?"

"பாக்கல."

"நல்ல டீச்சர்" என்றாள் நாத்தனார். உதடு ஓரத்தில் லேசாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. சுரண்டியைக் கீழே வைத்தாள். "ஆமா, நீ எப்ப வந்து எடை போட்டே?"

தினமும் கல்லூரி விட்டதும்தானே வந்தேன், ஐந்தரை மணிக்கு, நீங்கள்கூடத் தேநீர் கொடுத்தீர்களே என்றாள் சராசரி.

"அஞ்சரைக்கு அலமாரில இருந்தது விடிகாலைல போட்ட ரொட்டி. நாள் பூரா காத்துல கிடந்து காஞ்சு போனது. அதோட மிச்சம் நிக்கறது. பெருசா உப்பலா இருக்கறத வாங்கறவங்க காலைலயே பொறுக்கிட்டுப் போயிடுவாங்க. கடைசில தங்கினத மட்டும் எடை போட்டுட்டு, என் ரொட்டி எல்லாமே இப்படின்னு எழுதிட்டியா?"

சராசரி கையிலிருந்த புத்தகத்தின் முதல் பக்கங்களைப் புரட்டினாள். அவள் புத்தகத்தின் முதல் அத்தியாயமே மாதிரி எடுப்பது எப்படி என்பதுதான். கைக்கு எட்டியதை எடுக்காதே, உனக்கு வசதியான நேரத்தில் எடுக்காதே, எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு கொடு என்று கொட்டை எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தாள். அந்தக் கட்டம் மூலப் புத்தகத்தில்கூடக் கிடையாது, அவளே யோசித்துச் சேர்த்தது. அதே கையால், கல்லூரி விட்டு வருகிற வழியில், தேநீர் நேரத்தில், மிச்சம் கிடந்த ரொட்டியை எடுத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்ட நாத்தனார், கையில் கருகலோடு, அரை நிமிடத்தில் குட்டை உடைத்துவிட்டாள். சராசரிக்கு அசடு வழிந்தது. அதற்கும் மேலாக நிம்மதியாக இருந்தது.

"அக்கா, நீங்க என் இடத்துல நின்னு பாடம் நடத்தலாம்" என்றாள்.

"எனக்கு வேற வேலையில்ல பாரு" என்றாள் நாத்தனார். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வா. ஒழுங்கா எடு."

ஆறு மணிக்கு வந்தாள். இம்முறை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை செய்தாள். அடுப்பிலிருந்து வந்து ஆறியதும், ஒவ்வொரு தட்டிலும் எந்த ரொட்டி என்பதைத் துண்டுச்சீட்டுப் போட்டு எடுத்தாள். நாத்தனாரே சீட்டுக் குலுக்கினாள். வேண்டுமென்றே பெரியதைப் பொறுக்குகிறேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதாம், கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினாள். தினமும் ஐந்தாக ஐந்து நாள். கடைசி நாள் காலை, கல்லா மேசையிலேயே உட்கார்ந்து கணக்கைப் போட்டாள் சராசரி. இரண்டு முறை போட்டாள். நாத்தனார் பக்கத்தில் நின்று, அவளுக்கு ஒன்றும் புரியாத எண்களை மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தைந்து ரொட்டியின் சராசரி நானூற்றிரண்டு. கூற்றை மறுக்க ஆதாரம் இல்லை.

நாத்தனார் முகம் மலர்ந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் சொன்னேன்ல என்று இரண்டு முறை சொன்னாள். சராசரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இதோடு கதை சுபமாக முடிந்தது என்று சராசரி நினைத்தாள். நாத்தனார் அப்படி நினைக்கவில்லை. அலமாரியைப் பார்த்து என்னவோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ சாயங்காலம் வாங்குறவங்களுக்கு முன்னூத்தி தொண்ணூத்தொண்ணுதான் போகுதா?"

ஆமாம், ஆனால் அது உங்கள் தப்பில்லை, ஈரம் காற்றில் போய்விடுகிறது, எந்தப் பேக்கரியிலும் அப்படித்தான் இருக்கும் என்று சராசரி விளக்கினாள். காலையில் எடை போட்டது என்று கண்ணாடியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் யாரும் ஒரு சொல் சொல்லமுடியாது என்றும் யோசனை கொடுத்தாள்.

"காத்து மேல பழிய போட்டு நான் கட நடத்தல" என்றாள் நாத்தனார். "சாயங்காலம் வர்றவங்களும் அதே காசுதான் குடுக்கறாங்க."

மறுநாளிலிருந்து மாவு உருண்டை நானூற்று அறுபத்தைந்து. யாரிடமும் சொல்லவில்லை, கண்ணாடியில் எழுதவும் இல்லை. அன்று காலை ஆறரைக்குச் சராசரி கதவைத் திறந்தபோது கைப்பிடியில் பை தொங்கியது. கணவர் அதற்குள் எட்டிப் பார்த்து, ரொட்டி கொஞ்சம் கொழுத்த மாதிரி இருக்கிறதே என்றார். சராசரி ரொட்டியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், அதன் சூட்டை ஒரு நிமிடம் அனுபவித்துவிட்டுத்தான் அவருக்கு ஒரு துண்டு வெட்டினாள்.

மாவு மாறியதால் புத்தகமும் மறுபடி மாறவேண்டியதாயிற்று. உங்கள் மாவுக்கெல்லாம் நான் பதிப்புப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று சராசரி பொய்க்கோபம் காட்டினாள். உண்மையில் இவ்வளவு சந்தோஷமாக அவள் எந்தப் பக்கத்தையும் எழுதியதில்லை. 8.14ஐ நாலு பக்கத்துக்கு விரித்து எழுதினாள். முதலில் மாலை ரொட்டிகளின் எண்கள், அடுத்தது காலை ரொட்டிகளின் எண்கள். ஒரே கடை, ஒரே மாவு, விடை மட்டும் ஏன் வேறு என்று முதல் கேள்வி. முதல் மாதிரியை எடுத்தவர் என்ன தவறு செய்தார் என்று இரண்டாவது. மூல நூலின் நிபந்தனைப்படி, செய்த மாற்றங்களைப் பட்டியலிடும் பக்கத்தில் ஒளிக்காமல் எழுதினாள்: 'முந்தைய பதிப்பில் பயிற்சி 8.14இன் மாதிரி தவறாக எடுக்கப்பட்டது. விடையும் சரிபார்க்கப்படவில்லை. தவறு இந்த ஆசிரியையுடையது.' துறைத் தலைவர் அதைப் படித்துவிட்டு, இவ்வளவு வெளிப்படையாக வேண்டுமா என்று இழுத்தார். வேண்டும் என்றாள். முன்வரிசைப் பெண்ணிடம் வரைவைக் கொடுத்து எல்லா விடையையும் இரண்டு முறை போட்டுப் பார்க்கச் சொன்னாள். அவள் இன்னும் இரண்டு தப்பு கண்டுபிடித்தாள், இரண்டையும் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த ஆனந்தத்தை மறைக்க அவள் கொஞ்சமும் முயலவில்லை.

புதிய பதிப்பின் முதல் பிரதி வந்த அன்று சாயங்காலம், சராசரி அதைக் கொண்டுபோய்க் கல்லாவில் வைத்தாள். நாத்தனார் கையைக் கழுவி, துடைத்து, மறுபடியும் ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் தொட்டாள். உள்பக்கத்தில், முதலில் எழுதிய மூன்று பேராசிரியர்களின் பெயருக்குக் கீழே சராசரியின் பெயர். அதற்கும் கீழே நாத்தனாரின் பெயர், முழுப் பெயர், அதற்கு நேராக: 'எட்டாம் அத்தியாயத்துக்கான ரொட்டியும் திருத்தமும்.'

நாத்தனார் அதை மனசுக்குள் எத்தனை முறை படித்தாளோ தெரியாது.

"திருத்தம்னு போட்டிருக்க" என்றாள்.

"திருத்தினது நீங்கதானே."

"காலேஜ் புத்தகத்த நான் திருத்தினேன்" என்று தனக்குத்தானே ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு 8.14ஐத் தேடிப் பிடித்து, விரல் வைத்துக் கடைசிக் கேள்விக்கு வந்தாள். 'இந்தப் பேக்கரி இப்போது விற்கும் ரொட்டி, காலையிலும் மாலையிலும் நானூறு கிராம் இருக்கிறதா?' புது மாவின் எண்கள் ஒன்றும் அங்கே இல்லை. இதுக்கு விடை என்ன போட்டிருக்க என்று பின்பக்கத்தைப் புரட்டினாள். காலையில் நானூற்றுப் பதினைந்து, மாலையில் நானூற்று நாலு என்று சராசரி போட்டுப் பார்த்திருந்தது அவளுக்குத் தெரியும்.

விடைப் பக்கத்தில் எண்ணே இல்லை. '8.14இன் கடைசிக் கேள்விக்கு விடை தரப்படவில்லை. கடை மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும். தராசு கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.'

நாத்தனார் புத்தகத்தை மூடினாள். சாலையைக் கடந்து, கையில் நோட்டோடு, முன்வரிசைப் பெண்ணும் அவள் பின்னால் ஏழெட்டுப் பேரும் வந்துகொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருடமாகத் தன் பக்கம் பார்த்து இருந்த தராசை இரண்டு கையாலும் தூக்கி, அதன் முகம் வாங்க வருகிறவர்களைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். பிறகு சராசரியைப் பார்த்து, "நீயும் ஒரு நோட்ட எடுத்துட்டு வரிசைல நில்லு" என்றாள்.